கேளாதவர் வாசலுக்குச் செல்லுங்கள்

 

ஏழைகளில் இருவகையினர் உண்டு. கையேந்திக் கேட்பவர் ஒருவகை. மானத்தைக் காத்துக்கொண்டு வாய் திறவாதவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரைப் பற்றித் திருக்குர்ஆனின் 2வது அத்தியாயம் 273வது வசனம் விசேஷமாக எடுத்துரைக்கிறது. அவர்களுடைய அடக்கத்தைக் கண்டு, விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிவிடுவர் என்பது அதன் கருத்து. ஆகவே அவர்கள் வரட்டும் என்று காத்திருப்பது போதாது. நாமே தேடிப் போக வேண்டும். இவ்வுண்மையை இக்காலத்தில் விளக்கிக் காட்டும் காரியம் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது.

2021ம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே எரிவாயு விலை கடுமையாக உயர்ந்தது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபின் அது மேலும் ஏறிற்று. அந்நாட்டில் பெரும்பாலான வீடுகளைக் கதகதப்பாக வைப்பது எரிவாயுதான். குளிர்காலத்தில் அது இல்லையேல் முதியவரும் குழந்தைகளும் நோயில் விழுவர். விலை உச்சவரம்பின்படி, சராசரிக் குடும்பம் ஒன்றின் எரிவாயு, மின்சாரச் செலவு வருடத்துக்கு 1,277 பவுனாக இருந்தது. 2022 ஏப்ரல் 1ந் தேதி அது 1,971 பவுன் ஆயிற்று. ஒரே தாவலில் நூற்றுக்கு 54 பங்கு ஏற்றம்!

சர்க்கார் உதவ முன்வந்தது. கவுன்சில் வரிக் கணக்கில் ஏ, பி, சி, டி என்ற கீழ்த்தரங்களில் உள்ள வீடுகளுக்குத் தலா 150 பவுன் கொடுப்பதென்று தீர்மானித்தது. திருப்பிச் செலுத்த வேண்டாத பணம். அதை வழங்கும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனங்களாகிய கவுன்சில்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மாதந்தோறும் பாங்கியிலிருந்து வரி தானாகவே கழியும்படி ஏற்பாடு செய்திருந்தவர்களின் கணக்கு எண் கவுன்சிலிடம் இருந்தது. அவர்களுக்குப் பணம் தானாகவே போய்ச் சேர்ந்தது. அந்த ஏற்பாடு இல்லாதவர்களில் பலரோ விண்ணப்பம் செய்ய வேண்டியதாயிற்று. கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாத மூதாட்டி என்ன செய்வாள்? பாங்கிக் கணக்கே இல்லாத கூலியாள் என்ன செய்வான்?

அதே ஆண்டு அக்டோபர் முதல், குடும்பத்துக்கு 400 பவுன் வீதம் மற்றொரு உதவி தரப்பட்டது. பெரும்பாலோருக்கு அது கட்டணத்திலேயே கழிக்கப்பட்டது. பழைய முன்பண மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் மாதந்தோறும் சீட்டு அனுப்பப்பட்டது. அதைக் கடைக்கு எடுத்துச் சென்று மாற்ற வேண்டும். அநேகச் சீட்டுகள் மாற்றப்படாமலே கிடந்தன. முன்பண மீட்டரில் பணம் தீர்ந்தால் விளக்கும் வெப்பமும் தாமே நின்றுவிடும். துண்டிக்க ஆள் வருவதில்லை. அடுத்த வீட்டாருக்கும் தெரிவதில்லை. கேளாத ஏழையின் துன்பம் இப்படித்தான் ஓசையின்றி நடக்கிறது.

சகோதரர்களே! பணம் இருந்தது, சட்டம் இருந்தது, கொடுக்கும் மனமும் இருந்தது. பணத்துக்கும் வாசலுக்கும் இடையே சில அடி தூரம்தான் மிஞ்சியது. அந்தத் தூரத்தை நடப்பதற்குத்தான் மனிதர் தேவைப்பட்டனர்.

கலீபா ஹஜரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சரித்திரத்தை நினைவுகூருங்கள். மதீனாவின் புறத்தே ஓர் இரவில், பசியால் அழும் குழந்தைகளைத் தேற்ற வெறும் நீரை அடுப்பில் ஏற்றி வைத்திருந்த தாயை அவர்கள் கண்டார்கள். உடனே பைத்துல்மாலுக்குத் திரும்பி, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள். உடன் வந்த பணியாளர் சுமக்க முன்வந்தும் சம்மதிக்கவில்லை. மறுமை நாளில் தம் சுமையைப் பிறர் சுமக்க முடியாது என்பதே அவர்களின் கவலை. பைத்துல்மாலில் மாவு முன்பே இருந்தது. அதை அந்த அடுப்பங்கரை வரை கொண்டு சேர்த்ததுதான் கலீபாவின் அமல்.

நம் சிங்கப்பூரின் நிலை என்ன? யூ-சேவ் கழிவு வீவக வீடுகளின் மின்சார, தண்ணீர்க் கணக்கில் நேராகவே வரவு வைக்கப்படுகிறது. ஆனால் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் அப்படியல்ல. 2023 ஜனவரியில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளி ஒதுக்கப்பட்டது. அதைச் சிங்பாஸ் மூலம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. கைத்தொலைபேசி பழகாதவர் சமூக மன்றத்துக்குச் சென்றால் உதவி கிடைக்கும். அங்கே செல்லக் கால் வலுவில்லாதவர், கூச்சப்படுபவர், தமிழ் மட்டுமே அறிந்தவர் நம் ஜமாஅத்திலேயே இருக்கின்றனர்.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாதெனில், ஜும்ஆ முடிந்ததும் நமது புளோக்கில் தனித்து வாழும் ஒரு முதியவரின் கதவைத் தட்டி ஸலாம் கூறுவோம். “உங்களுக்கு வந்த கடிதம் ஏதும் படிக்க வேண்டுமா?” என்று மட்டும் கேட்போம். “உங்களுக்குக் கஷ்டமா?” என்று கேட்க வேண்டாம், அது மானமுள்ளவரின் வாயை அடைத்துவிடும். அவர் எம்மதத்தவராயினும் அண்டைவீட்டார் என்ற உரிமை அவருக்கு உண்டு. 2022ம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்தின் பள்ளிவாசல்கள் சிலவும் கதவைத் திறந்து, குளிரில் வாடியவர் எவரும் வந்து அமரலாம் என்று அழைத்தன அல்லவா?

ஸதகா என்பது பணப்பையிலிருந்து மட்டும் வருவதன்று. பிறர் தந்த பணத்தை உரியவர் கையில் சேர்க்க எடுத்துவைக்கும் அடியும் ஸதகாவே.

கேளாதவரைக் கண்டறியும் கண்ணையும், அவர் வாசல்வரை நடக்கும் காலையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.