குருபூசைக்கு முதனாள்

ஆவணித் திங்களில் மக நட்சத்திரங் கூடிய நாள் இளையான்குடிமாற நாயனாரது குருபூசைத் திருநாளாம். அன்று அடியார்க்கு அமுதூட்டுதலே அந்நாயனாரை வழிபடும் முறையென்பது சைவ ஆசிரியர்களாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதன்று. இங்கே நாம் சொல்லப்புகுந்தது அதற்கு முதனாளைப்பற்றி. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே பூசைநாளின் சிறப்பெல்லாம் பந்தலிலும் மேளத்திலும் ஒலிபெருக்கியிலும் விளங்குகின்றது. அதனை ஆக்கிய உழைப்போ முதனாளிலே, இலயத்து அறையொன்றின் அடுப்படியிலே, ஓசையின்றி நடந்து முடிந்துவிடுகின்றது.

நாயனாரது சரிதத்தை மாணாக்கர்க்குச் சொல்லுங்கால் நாம் பெரும்பாலும் நாயனாரையே பேசுகின்றோம். சேக்கிழார் சுவாமிகள் சொல்லிய வரிசையை ஒருமுறை அமைதியாக நோக்குக. செல்வமெல்லாஞ் சுருங்கிய காலத்தே, மழை விடாது பெய்யும் நள்ளிருளிலே, தாமே பசித்திருந்த நாயனாரது மனைக்கு ஓர் அடியார் எழுந்தருளுகின்றார். ஊட்டுதற்கு ஒன்றுமில்லை, அயலார் இனிக் கடன் கொடார். என் செய்வதென்று கேட்பவர் நாயனார். வழி சொல்பவர் மனைவியார். பகலிலே விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்தால் இயன்றபடி அமுதாக்கலாம் என்னும் யோசனை அவ்வம்மையாருடையதே. கொணர்ந்த நெல்லைச் சேறுபோகக் கழுவி, ஈரம்போக வறுத்து, குற்றி அரிசியாக்கியவரும் அவரே. விறகில்லையென்று அவர் சொல்ல, நாயனார் வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்து வீழ்த்தினார். கறிக்கு யாதுமில்லையென்று சொல்ல, இளம்பயிரைப் பறித்து வந்தார். அந்த ஒன்றையே பலவகைக் கறியாகச் சமைத்தது அம்மையாரது கைவன்மை. இத்துணையுஞ் செய்தவருக்குப் பெரியபுராணத்திலே பெயர் சொல்லப்படவில்லை. அதனைப் பின்னர்ப் பேசுவாம்.

இளையான்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. 1985 ஆம் ஆண்டுக்கு முன் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தோருட் பலருக்கு மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களே பூர்விகமாதலின், நாயனார் நம்மவர்க்கு ஊர்முறையாலும் உறவினரென்க.

ஆவணி மாதம் ஊவாவிலே ஓய்வான காலமன்று. ஆடி தொடங்கி வறண்ட காற்று மலைச்சரிவுகளில் வீச, கொழுந்து தனிமணம் பெறும். ஊவாத் தேயிலை உலகச் சந்தையிலே பெயர் பெற்றது இப்பருவத்தினாலேயே. வாரத்தில் ஆறு நாள் விடியலிற் பெரட்டுக்குச் சென்று மாலைவரை கொழுந்தெடுக்கும் பெண்மணிக்கு ஞாயிறு ஒன்றே தன்னாள். முதனாள் அந்த ஞாயிறாக வாய்க்குமாயின், தன்னாளையே அவர் தருமத்துக்குக் கொடுத்துவிடுகின்றார். பெருந்தொகை எழுதுவாருடைய கொடையோடு இதனை எந்தத் தராசில் நிறுப்பது?

அந்நாளைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். கொழுந்துக்கூடை சுவரிலே தொங்குகின்றது. வீடு கழுவி, அடுப்புக்குத் திருநீறிட்டு, அவர் இஸ்தோப்பிலே சுளகோடு அமர்ந்து அரிசியிற் கல்லும் நெல்லும் பொறுக்குகின்றார். மல்லியும் மிளகும் சீரகமும் வெவ்வேறாக வறுபட்டு இடிபடுகின்றன. பாசிப்பயறு பொன்னிறமாக வறுத்து உடைக்கப்படுகின்றது. பீலியிலிருந்து மகள் தண்ணீர் சுமந்து வருகின்றாள். பேச்சுக் குறைவு, திருவைந்தெழுத்து உள்ளே நடைபெறும். நிவேதனத்துக்குரியதை முன்னே சுவைத்தல் ஆகாதாதலின், உப்பையும் புளியையும் அவர் கையளவாலும் மணத்தாலுமே அறிகின்றார். வெல்லமணம் நிறைந்த அவ்வறையிலே பிற்பகல் முழுதும் இருந்தும் ஒரு கடலையையேனும் வாயிலிடாத சிறுவன், புலனடக்கம் என்னும் பாடத்தைப் புத்தகமின்றியே படித்துவிடுகின்றான்.

இனி, எதனை முதனாளிற் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதிலே பலருக்கு மயக்கமுண்டு. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் நன்கு சுண்டக் காய்ச்சி வைக்கலாம். மோதகத்துக்கு மாவை அவித்து, அரித்து, வறுத்து வைக்கலாம். சுண்டற் கடலையை மாலையே ஊறவிடல்வேண்டும். குளிர் மிகுந்த மேற்றோட்டங்களில் அது ஊறுதற்கு நேரம் கூடும். ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரமுள்ள அப்புத்தளைப் பக்கத்திலே தண்ணீர் 95 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுமாதலின், பதுளை நகரத்தில் வெந்த நேரத்திலே பருப்பு அங்கே வேகாது. தேங்காயெண்ணெய் விடியற்குளிரில் உறைந்து கிடக்கும். விஞ்ஞான ஆசிரியர்கள் இவற்றை மாணாக்கர்க்குக் காட்டுதற்கு வேறு சோதனைச்சாலை வேண்டியதில்லை!

தேங்காயை முதனாளே துருவிவைத்தலும், கீரையை அரிந்துவைத்தலும் தவறு. சோற்றை இரவே வடித்து அண்டாவில் மூடிவைத்தலோ பெருந்தவறு. கொதிநீரிலும் அழியாத நுண்ணுயிர் வித்துக்கள் சோற்றிலே எஞ்சி, வெதுவெதுப்பிற் பெருகி, உண்டாரை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் வீழ்த்தும். பழையதை நிவேதித்தலாகாது என்று பெரியோர் வகுத்த ஆசாரமும் இக்காலத்துச் சுகாதார நூலும் இங்கே ஒரு சொல்லாய் நிற்கின்றன. ஆள்வசதி இல்லையென்று சொல்லி இவ்விதியைத் தளர்த்துவாரை நாம் ஒப்போம். ஆள்வசதி செய்துகொள்வதன்றோ சங்கத்தின் கடமை?

அவ்வசதி எங்ஙனம் வரும்? நம் அயலவராகிய சிங்கள மக்களைப் பார்த்தறியலாம். பிக்குமாருக்குத் தானம் அளிக்கும் வீட்டிலே முதனாள் மாலையே உறவினரும் அயலாருங் கூடுகின்றனர். ஆடவர் தேங்காய் உரிப்பர். மகளிர் மரக்கறி அரிவர். தானத்துக்குரியார் ஒருவராயினும் உழைப்புக்குரியார் ஊரவராவர். நம் தோட்டங்களிலோ விறகு பிளத்தலும் பந்தலிடுதலும் மாத்திரமே ஆடவர்க்குரியன என்னும் எண்ணம் பல இடத்தும் நிலைத்துள்ளது. நாயனார் மழையிலே நெல் வாரினார், கூரை பிரித்தார், பயிர் பறித்தார். அமுது ஆகுமளவும் ஏவல்கேட்டு நின்றார். மூத்த மாணாக்கர் பதின்மரை முதனாள் இரண்டு மணிநேரம் தண்ணீர் சுமக்கவும், வெலிமடைப் போஞ்சியும் உருளைக்கிழங்கும் கழுவவும் ஆசிரியர் அழைத்துச் செல்வாராயின், அப்பெண்மணிக்கு அன்று மாலை சற்றுக் கால்நீட்டி இருத்தற்கேனும் இடமுண்டாகும்.

‘பணமாகத் தண்டி, சமைத்த உணவை நகரத்திலிருந்து வருவித்துவிட்டால் இத்தொல்லை ஏன்?’ என்று கேட்பாருமுளர். அதற்கு விடை சொல்வாம். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி, உணவு விலை முந்திய ஆண்டினும் 94.9 வீதம் ஏறியிருந்தது. தோட்டத்து நாட்கூலியோ 2021 இல் விதிக்கப்பட்ட 1,000 ரூபாவாகவே நின்றது. அத்தகைய காலத்திலே பணத்தண்டல் வருமாயின் வறிய குடும்பம் கதவடைத்துக்கொள்ளும். கொடாதார் பந்திக்கு வருதற்கும் கூசுவர். அடியார்க்கென்று வைத்த அமுது, பசித்தவனை நாணச் செய்து வாயிலிலே நிறுத்திவிடும். பிடியரிசி முறையிலே இக்கேடில்லை. நாடோறும் உலையிடுமுன் ஒரு பிடி, ஏறக்குறைய 50 கிராம், வேறு கலத்தில் இடப்படுமாயின் ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோவாகும். இருபது குடும்பத்துக்கு 30 கிலோ. ஆளுக்கு 125 கிராமாக 240 பேருக்கு அன்னம் அமையும். ஒருபிடியும் இயலாதவர் அரைப்பிடி இடுக. அதுவும் இயலாதவர் சுளகோடு வந்து கல் பொறுக்குக. கலம் ஒன்றாகிவிட்டபின் எவருடைய அரிசி எதுவென்று யார் அறிவார்?

இங்கேதான் அம்மையாரது பெயரை எண்ணுகின்றோம். பெயரின்றியே அவர் சிவலோகஞ் சேர்ந்தார். நாமோ, கொடுத்தார் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியிலே மும்முறை படிக்கின்றோம். தேவாரம் ஒருமுறையே பாடப்படுகின்றது. கணக்கு எழுதப்படல்வேண்டும், சங்கக் கூட்டத்திலே காட்டப்படவும் வேண்டும், அதில் ஐயமில்லை. பந்தியிலே அதனைப் படித்தல் வேண்டா. இவ்வாண்டு ஒரு தோட்டத்திலேனும் பெயர்ப்பட்டியல் இன்றிக் குருபூசை நடத்திப் பார்க்குமாறு ஆசிரிய அன்பர்களை வேண்டுகின்றோம். தொகை குறையுமென்று அஞ்சுவார் அஞ்சுக. குறைந்ததைப் பிடியரிசி நிரப்பும்.

மற்றொன்று. ஆவணி மகம் பெரும்பாலும் அமாவாசையை ஒட்டியே வரும். பூசை முடிந்து பந்திகள் எழுந்தபின் இலயத்துக்கு மீளும் வழி இருளாயிருக்கும். சமைத்த மகளிர் யாவரும் உண்டபின்னர், ஆறிய சோற்றை அடுப்படியில் நின்றபடியே உண்டு, அவ்விருளிலே பாத்திரஞ் சுமந்து செல்லுதல் பல இடங்களில் வழக்கமாயுள்ளது. முதற்பந்தியிலே முதியோரும் குழந்தைகளும் இருக்கட்டும். இரண்டாம் பந்தியிலே சமைத்தவர்களை இருத்துக. இலையிட்டு, நீர் தெளித்து, அன்னம் பரிமாறுபவர் அப்பாடசாலை ஆசிரியராகவே இருக்கட்டும். பாத்திரங்களை மாணாக்கர் கழுவி, மறுநாட் காலையில் வீடுவீடாகச் சேர்ப்பிப்பாராக.