'இல்லை' என்று எழுதும் கை

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் உதிரிப்பாகங்களைச் சோதிக்கும் தொழிலாளியின் முன் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, 'பழுது இல்லை' எனக் குறியிடுவது அவர் கடமை. அளந்து இட்ட குறியும் அளக்காமலே இட்ட குறியும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறிவது இட்டவரின் மனச்சான்று ஒன்றே. அப்படியானால் 'இல்லை' என்னும் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஜெனீவா நகரருகே, நிலத்துக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் செர்ன் அறிஞர்கள் புரோட்டான்களை மோதவிடுகின்றனர். அவ்வளையத்தின் காந்தங்களைத் தாங்கும் ஏறத்தாழ 7,000 ஜாக்கிகள் நம் நாட்டில் செய்யப்பட்டவை. சென்னை ஐ.ஐ.டி.யும் அங்குள்ள ஆய்வில் பங்கேற்கிறது. நாமறிந்த அடிப்படைத் துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்பது, 1970களில் உருவான 'சூப்பர்சிமெட்ரி' எனும் மீச்சமச்சீர்க் கொள்கை. அத்தகைய துகள் ஒன்று கருவிகளில் சிக்காமல் நழுவினால், மோதலுக்குப் பிந்தைய உந்தக் கணக்கில் ஒரு குறை தென்படும். அக்குறையையே தேடுகின்றனர்.

2012இல் அங்கே ஹிக்ஸ் துகள் அகப்பட்டது. இணைத்துகளோ இன்றுவரை அகப்படவில்லை. 2015 டிசம்பரில் வேறொரு புதுத்துகளின் சாயல் தெரிந்தது. அதை விளக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுந்தன. 2016 ஆகஸ்டில், கூடுதல் தரவுகள் வந்தபின், அது தற்செயலான ஏற்றமே என்று முதலில் கண்டவர்களே அறிவித்தனர்.

விரும்பிய விடையின் பக்கம் தம் கை சாய்ந்துவிடும் என அவர்கள் தம்மையே ஐயுறுகின்றனர். ஆதலால், ஆய்வுமுறையை முடிவுசெய்யும்வரை முக்கியத் தரவுப் பகுதியைப் பாராதிருப்பதை வழக்கமாக்கியுள்ளனர். இவ்வாறு தேடியபின் வரும் 'இல்லை' வெறுமையன்று. 'இந்த எடைக்குள், இந்த வகையில் இத்துகள் இல்லை' என எல்லை வகுத்துத் தரும் அறிவு அது.

ஆனால், ஒவ்வொரு முறையும் 'துகள் இன்னும் கனமானதாக இருக்கலாம்' என்று கொள்கையைத் தள்ளி வைப்பது நம்பிக்கையா, பிடிவாதமா? 'எது நேர்ந்தால் என் கருத்தைக் கைவிடுவேன்?' என்பதை முன்கூட்டியே சொல்லத் துணிபவரின் காத்திருப்பு நம்பிக்கை. அதைச் சொல்ல மறுப்பவரிடம் எஞ்சுவது பிடிவாதமே. குடும்பத்திலும் பொதுவாழ்விலும் நாம் பற்றியிருக்கும் கருத்துகளை இவ்வினாவின் முன் நிறுத்திப் பார்த்ததுண்டா?

துகள் தேடுவோரின் பிழையைப் பின்வரும் தரவு திருத்திவிடும். தொழிற்கூடத்தாரின் தாளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இரவுப் பணியின் கடைசி மணிநேரத்தில், கண்காணிப்பார் எவருமின்றி இடப்படும் அக்குறியை நம்பித்தான், முகமறியா ஒருவர் தம் பிள்ளைகளுடன் வாகனத்தில் ஏறுகிறார்.