சுசீந்திரத்துக் கைமுக்கு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இன்று இசைத்தூண்களையும் ஓங்கி நிற்கும் அனுமாரையும் பார்க்கக் கூட்டம் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே வேறு வகை மனிதர்களும் வந்தார்கள். பிறன்மனை உறவு என்று பழி விழுந்த நம்பூதிரிகள் அவர்கள். கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு, அடியில் கிடக்கும் சிறிய ரிஷப உருவத்தை எடுக்க வேண்டும். கையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மூன்று நாள் கழித்து அவிழ்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. இதற்குக் கைமுக்கு என்று பெயர். பிறன்மனைவியான அகலிகையை நாடியதால் சாபம் பெற்ற இந்திரன் சுத்தமடைந்த இடம் என்பதே ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் காரணம். அதே பழி சுமந்தவர்கள் இந்த ஊரைத் தேடி வந்ததில் அந்தக் கதையின் கை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கைமுக்கை நிறுத்தினார்.

கடவுளுக்கு உண்மை தெரியும் என்ற நம்பிக்கையில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்த உண்மையைத் தோலில் எழுதிக் காட்டு என்று அவரைக் கட்டாயப்படுத்தியதுதான் பிழை. எழுதியதை வாசித்தவர்களோ மனிதர்கள். நெய் எவ்வளவு சூடு, கை எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது, இந்தக் கொப்புளம் கொப்புளமா வெறும் சிவப்பா என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் சுற்றி நின்றவர்களே. தீர்ப்பு அவர்களுடையது, பேர் மட்டும் சாமியுடையது. குற்றவாளி நெய்யைக் கண்டதும் பயந்து உண்மையைக் கக்கிவிடுவான், நிரபராதி துணிந்து கை வைப்பான், ஆகவே பயன் இருந்தது என்று வாதிடுவார்கள். துணிச்சல்காரக் குற்றவாளியும் உண்டு, நடுங்குகிற நிரபராதியும் உண்டு. இந்த வாதம் அளப்பது நெஞ்சுரத்தைத்தான், நேர்மையை அல்ல.

அந்தக் காலத்தை இந்தக் கால அளவுகோலால் அளக்கலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. ஆனால் வேறு அளவுகோல் அந்தக் காலத்திலேயே இருந்தது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி, அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பழி விழுந்த தன் கணவன் குற்றமற்றவன் என்று பாண்டியன் அவையில் தீயில் இறங்கிக் காட்டவில்லை. சிலம்பை உடைத்தாள்; அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். சான்று கையில் இருந்தது, அரசனும் ஒப்புக்கொண்டான். ஐரோப்பாவிலும் 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், இத்தகைய சோதனைகளுக்குப் பாதிரியார்கள் ஆசி வழங்கக் கூடாது என்று விலக்கிவிட்டது. இறைநம்பிக்கை குறைந்ததால் வந்த விலக்கு அல்ல அது, விலக்கியவர்கள் திருச்சபையார்.

இதில் பெண்ணின் இடம்தான் எனக்கு ஆறாத வேதனை. ஒழுக்கம் தவறியதாகப் பழி விழுந்த நம்பூதிரிப் பெண்ணை விசாரிக்கும் ஸ்மார்த்த விசாரத்தில் அவளுக்குச் 'சாதனம்' என்று பெயர்; ஒரு பொருளைச் சொல்வதுபோல. அஞ்சாம்புரை என்ற தனியிடத்தில் அடைத்து வைத்து நாள்கணக்கில் கேள்வி கேட்பார்கள். ஆணுக்காவது சுசீந்திரம் வரை வந்து கையை நீட்ட ஒரு வழி இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் உரிமைகூட ஆண் பக்கமே நின்றது. கைமுக்கு நின்று இரண்டு தலைமுறை கடந்து, 1905-இல் கொச்சி ராஜ்யத்தில் குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண் இப்படி விசாரிக்கப்பட்டார். தன்னோடு உறவு கொண்டவர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயரைச் சொன்னார். அவர்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய மன்னர் அனுமதித்தார். தாத்ரி பதில் சொன்னார், சாதியிழந்தவர்களில் அந்த ஆண்களும் சேர்ந்தார்கள். அந்த விசாரணையில் ஒருவர் கையும் நெய்யில் இறங்கவில்லை.