தோற்ற படைப்பும் நகையும்: இரு வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படங்களை முன்வைத்து

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினை நகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைக்கிறார். இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவார். பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. கலைஞன் ஒருவன் தன் ஆற்றலையெல்லாம் செலவிட்டு ஆக்கிய படைப்பு நகைக்கிடமாகும்போது அந்நகை அறத்தொடு பொருந்துமா என்னும் வினாவிற்கு இப்பகுப்பு துணைபுரிகிறது.

அமெரிக்க இயக்குநர் எட் உட் (1924–1978) வறுமையில் மறைந்து ஈராண்டு கழிந்தபின், 1980இல் வெளிவந்த மெட்வெட் உடன்பிறந்தாரின் நூல் ஒன்று, எக்காலத்திற்கும் மிக மோசமான இயக்குநர் என்னும் பட்டத்தை அவருக்குச் சூட்டியது. அவர் பெயரைப் பரப்பியதும் இப்பட்டமே. 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் இடம்பெறும் முதிய நடிகர் பேலா லுகோசி 1956இல் இறந்துவிட, முன்னரே எடுத்து வைத்திருந்த சில நிமிடக் காட்சிகளுடன், உருவ ஒற்றுமை சிறிதும் இல்லாத வேறொருவரை மேலங்கியால் முகம் மறைத்து நடக்கவிட்டுப் படத்தை முடித்தார் உட். காண்போர் நகைப்பதில் வியப்பில்லை.

டிம் பர்ட்டன் 1994இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'எட் உட்' இந்நகையைத் திசைதிருப்புகிறது. தம் படத்தைப் பழித்துரைக்கும் தயாரிப்பாளரிடமும் அடுத்த படம் இதனினும் நன்றாக அமையும் என்று முகமலர்ச்சி குன்றாமல் கூறும் உட், பேராசிரியர் சுட்டும் இரண்டாம் வகைக்கு அணுக்கமானவர். ஆயினும் இவ்விரக்கம் காலத்தை வெட்டிப் பெற்ற இரக்கமாகும். முதற்காட்சியின் களிப்போடு கதை நின்றுவிடுகிறது. பின்வந்த குடியும் வீழ்ச்சியும் இறுதி எழுத்துரையில் ஓரிரு வரிகளாகச் சுருங்குகின்றன. இழவும் வறுமையும் தொல்காப்பியர் நெறியில் அழுகைக்குரிய களன்கள். அவற்றைக் காட்டியிருப்பின் நகை நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

தமிழ் நிலத்தோடு தொடர்புடைய ஜே.சி.டேனியலின் வாழ்க்கை இதற்கு மறுதலையானது. தம் நிலத்தை விற்றுத் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, மலையாளத்தின் முதல் படமாகிய 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை இயக்கினார் அவர். அது திரையிடப்பட்ட ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். படம் தோல்வியுற்றது. பின்னர்ப் பல் மருத்துவராக வாழ்ந்த டேனியல் 1975இல் அகத்தீசுவரத்தில் மறைந்தார். அவர் வரலாற்றைக் கமல் 2013இல் 'செல்லுலாய்ட்' எனப் படமாக்கினார்.

'விகதகுமார'னின் படச்சுருள் இன்று இல்லை. எனவே அது நல்ல படமா, நகைப்புக்குரிய படமா என்று எவராலும் கூறவியலாது. உட்டின் படைப்பு எஞ்சி நின்று அவர் முயற்சியைச் சிறுமைப்படுத்துகிறது. டேனியலின் படைப்பு அழிந்தமையால் முயற்சி மட்டுமே எஞ்சி மதிப்புப் பெறுகிறது. சுருள் கிடைத்து, அதுவும் 'பிளான் 9' போன்றதாகவே இருக்கக் காணின், 1992இல் அவர் பெயரால் கேரள அரசு நிறுவிய விருதின் பெருமை குறையுமா? குறையாது எனின், முயற்சியைப் படைப்பினின்று பிரித்து மதிக்கிறோம் என்பது பெறப்படும். அங்ஙனமாயின் உட்டுக்கும் அம்மதிப்பில் பங்குண்டு.

ஆனால் முயற்சியை மட்டும் அளவுகோலாகக் கொள்வதிலும் ஓர் இடர் உண்டு. அம்முயற்சிக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினா அதில் மறைந்துவிடுகிறது. 'விகதகுமார'னில் தலித் பெண்ணாகிய பி.கே.ரோசி நாயர் குலப் பெண்ணாக நடித்தமை ஆதிக்க சாதியினரின் சினத்தைக் கிளறியது. திரையரங்கில் கல்லெறிந்தனர், ரோசி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. டேனியல் இழந்தது பொருளும் புகழும். ரோசி இழந்தது பிறந்த ஊரும் பெயரும். 'செல்லுலாய்ட்' முற்பகுதியில் ரோசிக்கு உரிய இடம் தருகிறது. பிற்பகுதியிலோ டேனியலின் துயரே கதையாகிறது, ரோசி காணாமற்போகிறார். இவ்வகையில் பர்ட்டனின் படம் ஒருபடி மேலானது எனலாம். போதைப் பழக்கத்தால் நலிந்த லுகோசியை உட் காத்தாரா, பயன்படுத்திக்கொண்டாரா என்னும் வினாவை அது மூடிவிடவில்லை. லுகோசியைக் கதையின் பாதியாகவே நிறுத்துகிறது. ரோசியை நடுவாகக் கொண்டு டேனியலின் கதையைத் திரும்பச் சொல்லும் படம் எவ்வாறு அமையும் என்பது எண்ணத்தக்கது. அவர் பெயரால் கேரளப் பெண் திரைக்கலைஞர் கூட்டமைப்பு ஒரு திரைப்படக் கழகத்தைத் தொடங்கியது 2019இல்தான்.