பெட்டிமுடியும் நம் நினைவும்

ஒரு சமுதாயம் எதை நினைவில் வைப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? எல்லைப்புறத் தமிழராகிய நாம் இவ்வினாவை 2020 ஆகஸ்டில் நேருக்கு நேர் சந்தித்தோம்.

ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த இராசமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. மாண்டவர் 70 பேர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அம்மலையிலிருந்து செய்தி வெளிவரவே மறுநாள் காலையாயிற்று. அன்றிரவே கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளாகி 21 பேர் இறந்தனர். செய்தியாளரின் கண் ஓடுபாதைக்குத் திரும்பிற்று. அரசு முதலில் அறிவித்த உதவித்தொகையும் அங்கே 10 இலட்சம், இங்கே 5 இலட்சம். துயரத்தைத் துயரத்தோடு நிறுத்துப் பார்ப்பது நமக்கு அழகன்று; ஆயினும் தராசு நம் கையில் இருக்கவில்லை.

பிறகு 'குவி' என்னும் நாய் வந்தது. தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலை அது கண்டுபிடித்த செய்தி எங்கும் பரவிற்று. அவ்வாயில்லா உயிரைக் குறை சொல்வானேன்? ஆனால், மாண்டவருள் பலரின் முன்னோர் கயத்தாற்றுப் பக்கமிருந்து எப்போது மலையேறினர், என்ன கூலி பெற்றனர், ஓடைக்கரை லயத்தில் ஏன் வாழ நேர்ந்தது என்று கேட்ட ஏடுகள் சிலவே.

பெட்டிமுடி என்றால் நம் பிள்ளைகளும் நாயின் பெயரைத்தான் சொல்கிறார்கள். வேறு எதை நாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?