பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளை



நவம்பர் மாதம் 11-ம் தேதி அர்ச். மார்த்தீன் திருநாள். குளிரில் நடுங்கின ஏழைக்குத் தம் போர்வையை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தவர் என்று சிறு பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவர் ஒரு பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளை என்பதை நாம் நினைப்பதில்லை. தகப்பனார் உரோமைச் சேனையில் ஊழியம் பார்த்தவர். பிள்ளை பிறந்தது இன்றைய ஹங்கேரி தேசத்தில். வளர்ந்ததோ இத்தாலியாவிலுள்ள பாவியா நகரில். அங்கேதான் பத்து வயதில், பெற்றோர் அஞ்ஞானிகளாயிருந்தும், தேவாலயத்தைத் தேடிப்போய் ஞானோபதேசத்துக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். அயலூரான் வீட்டுப் பையன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்றும் உண்டு. ஜெர்மனியில் கைசர்ஸ்லௌட்டர்ன் நகரையும் ராம்ஸ்டைன் விமானத் தளத்தையும் சுற்றி ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படைவீரர் குடும்பங்கள் வாழ்கின்றன. யுத்தம் 1945-ல் முடிந்தது. 1946-லேயே மனைவி மக்கள் வரத் தொடங்கினார்கள். அவ்வருஷமே அவர்களுக்குப் பள்ளிக்கூடங்களும் திறக்கப்பட்டன. அன்று முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை ஒரு குடும்பம் போக, ஒரு குடும்பம் வருகிறது.

புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டாளமே ஒரு துணைவரை நியமிக்கிறது. அவர் முன்கூட்டியே கடிதம் எழுதி, விமான நிலையத்தில் எதிர்கொண்டு, தங்குமிடம் சேர்க்கிறார். வீட்டுச் சாமான் கப்பலில் வந்துசேர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் சட்டி, தட்டு, கரண்டி எல்லாம் இரவலாகக் கொடுக்க ஓர் இடமும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது முதல் வாரத்து உதவி. முதல் வாரத்தில் உதவ யாருக்கும் மனம் வரும். மூன்றாம் மாதம் அல்லவா பாரம்! புருஷன் பயிற்சிக்கோ தூரதேசக் கடமைக்கோ போய்விடுவான். அங்கே மின்சாரம் 230 வோல்ட். ஊரிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் சாமானைத் தெரியாமல் செருகினால் புகைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்று புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் அண்டைவீட்டார் முகம் சுளிப்பார்கள். குப்பையைக்கூட வகை பிரித்துத்தான் போடவேண்டும். கைக்குழந்தையோடு தனியே இருக்கிற ஒரு தாய் இதையெல்லாம் யாரிடம் கேட்பாள்?

இன்னுமொன்றைக் கவனியுங்கள். புதிதாய்க் குடிவந்தவர்களுக்கு அண்டை வீட்டார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது அமெரிக்காவில் வழக்கம். ஜெர்மனியிலோ, குடிவந்தவர்தாம் பக்கத்து வீடுகளில் மணியடித்துத் தம்மைத் தெரிவித்துக்கொள்ளவேண்டும். ஆகவே இவள் அவர்கள் வருவார்களென்று காத்திருக்கிறாள். அவர்கள் இவள் வருவாளென்று காத்திருக்கிறார்கள். இருவரிடத்திலும் பகையில்லை, ஆனாலும் கதவு இரண்டும் மூடியே கிடக்கின்றன. இந்த விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வேதாகமத்தில் கொர்னேலியுஸ் என்னும் நூற்றுக்கதிபதியைக் கவனியுங்கள். இத்தாலியப் பட்டாளத்தான், செசாரேயாவில் குடும்பத்தோடு இருந்தான், தர்மவான். ஆனாலும் யூதர்கள் அவன் வீட்டுக்குள் நுழைவது வழக்கமில்லை. அர்ச். இராயப்பருக்கே அந்த வாசற்படியைத் தாண்ட ஒரு தரிசனம் தேவைப்பட்டது. தாண்டியபின் என்ன நடந்தது? வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். சில நாள் தங்கும்படி அப்போஸ்தலரை வேண்டிக்கொண்டார்கள்.

திருச்சபையும் இவர்களை மறந்துவிடவில்லை. இரண்டாம் ஜான் பால் பாப்பானவர் 1986-ல் வெளியிட்ட சட்டத்தின்படி, படைவீரருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உள்ள ஆன்ம அதிகாரப் பகுதிகள் மேற்றிராசனங்களுக்கு ஒப்பானவை. ஆனால் மேற்றிராணியார் வந்து மணியடிக்க முடியுமா? பக்கத்து வீட்டார்தாம் அடிக்கவேண்டும்.

நம் கோவிலிலும் இரண்டு மூன்று ஞாயிறாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் யாரோடும் பேசாமல் போகிற குடும்பம் ஒன்றிருக்கலாம். பெயர் கேட்டோமா? பால்காரர் யார், எந்த வைத்தியர் நல்லவர் என்று சொன்னோமா? கேளாமலே சொல்லுங்கள், வேற்றூரார் கேட்கக் கூசுவார்கள்.

அர்ச். மார்த்தீன் திருநாளன்று மாலை ஜெர்மனியில் பிள்ளைகள் காகித விளக்கேந்திப் பாடிக்கொண்டு தெருவில் போவார்கள். அந்த ஊர்களில் குடியிருக்கும் அமெரிக்கப் பிள்ளைகளும் அதில் சேர்வதுண்டு. விளக்கு செய்கையில் உங்கள் பிள்ளைக்கு ஒன்று செய்வதோடு நிறுத்தாமல், எதிர்வீட்டுப் புதுப்பிள்ளைக்கும் இன்னொன்று ஒட்டிவைத்தால், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவர்கள் வீட்டு மணியை அடித்துத்தானே ஆகவேண்டும்.