ரொட்டி இல்லாத பந்தி

பசித்தவனுக்கு உணவு வேண்டும். பசி அறியாதவனுக்கு உணவைப் பற்றிய பேச்சு வேண்டும். இந்த வேறுபாட்டைக் கசப்பான எள்ளலோடு காட்டும் அமெரிக்கத் திரைப்படம் ஒன்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. மார்க் மைலாட் இயக்கிய 'தி மெனு' என்பது அதன் பெயர். கொடுமையான காட்சிகள் நிறைந்த படம், சிறுவர்க்கு உரியதன்று. ஆயினும் அது எழுப்பும் கேள்வி நம் எல்லாருக்கும் உரியது.

தனித் தீவொன்றில் ஹாதார்ன் என்னும் உணவகம் இருக்கிறது. ஓரிரவில் 12 பேர் மட்டுமே அங்கு உண்ணலாம். தலைக்கு 1,250 டாலர். ஜூலியன் ஸ்லோவிக் என்னும் தலைமைச் சமையற்காரராக ரேஃப் ஃபைன்ஸ் நடித்திருக்கிறார். விருந்தின் நடுவே ரொட்டி இல்லாத ரொட்டித் தட்டு ஒன்று பரிமாறப்படுகிறது. தொட்டுக்கொள்ள வேண்டியவை மட்டும் அதில் உள்ளன. ரொட்டி எளிய மக்களின் உணவு. நீங்கள் எளியவர் அல்லர். ஆகவே உங்களுக்கு ரொட்டி இல்லை என்பது அவருடைய விளக்கம். தாங்கள் அவமதிக்கப்பட்டதை உணராமல், விருந்தினருள் சிலர் அதையும் கலையின் புதுமை என்று வியக்கின்றனர்.

அந்த விருந்தினருள் ஒருவர் அங்கே 11 முறை உண்டவர். முன்பு உண்டவற்றுள் ஒன்றையேனும் சொல்லுமாறு ஸ்லோவிக் கேட்கிறார். அவர் தடுமாறி ஒரு மீனின் பெயரைச் சொல்கிறார், அதுவும் தவறு. எத்தனை கைகள் அந்த மீனுக்காக இரவும் பகலும் உழைத்திருக்கும்! உண்டவருக்கோ அது நினைவில்கூட இல்லை. வகுப்பு வேறுபாடு என்பது பணத்தின் அளவு மட்டுமன்று. பிறர் உழைப்பை மறந்துவிட முடிகின்ற வசதியும் அதுவே.

இதுவரை ஸ்லோவிக்கின் சினம் நியாயமானதே. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. விருந்தினர் அனைவரும் அன்றிரவு சாக வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறார். ஒரு நடிகர் சாக வேண்டும். தமது ஓய்வு நாளில் அவர் நடித்த மோசமான படத்தைப் பார்க்க நேர்ந்ததே காரணம். அந்த நடிகரின் உதவியாளரான பெண்ணும் சாக வேண்டும். கடன் வாங்காமலே அவள் கல்லூரியில் படித்துவிட்டாள்! நாம் சிரிக்கிறோம், சிரித்தபின் திடுக்கிடுகிறோம். குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையே அளவு அற்றுப்போனால் நீதியும் அற்றுப்போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருடைய சமையற்காரர்கள் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்துறங்குகின்றனர். அவருக்கோ பிறர் நுழையக் கூடாத தனி வீடு. இறுதியில் தீ மூளும்போது அந்த ஊழியரும் சேர்ந்தே எரிகின்றனர். உழைப்பவரின் பெயரால் எழுந்த சினம் உழைப்பவரையும் விழுங்குகிறது. விருந்தினர் ஊழியரை மனிதராகக் காணவில்லை. அவரோ எல்லாரையுமே தம் சமையலுக்கான பொருள்களாகக் காண்கிறார். பகைத்த பாவத்தையே அவரும் செய்கிறார்.

தப்பிச் செல்பவள் மார்கோ என்னும் இளம்பெண் ஒருத்தியே. கூலிக்குத் துணையாக அழைத்துவரப்பட்டவள் அவள். ஸ்லோவிக்கின் வீட்டில் ஒரு பழைய படத்தைக் காண்கிறாள்: இளைஞராய் இருந்தபோது பர்கர் சுடும் இடத்தில் நின்று அவர் மனமாரச் சிரிக்கிறார். அவள் திரும்பி வந்து, தனக்கு இன்னும் பசிக்கிறது என்று கூறிச் சாதாரண சீஸ் பர்கர் ஒன்று கேட்கிறாள். விலை 9.95 டாலர். அதைச் செய்கையில் அவர் முகத்தில் பழைய மகிழ்ச்சி திரும்புகிறது. மீதியைக் கட்டித் தரச் சொல்கிறாள். அவர் அவளைப் போகவிடுகிறார். பசியைச் சொல்லிக் கேட்ட ஒரு சொல் அவருக்குள் இருந்த மனிதரைச் சற்று நேரம் எழுப்பிவிட்டது.

கொரிந்து நகரத் திருச்சபையின் பந்தியிலும் இதே நோய் இருந்தது. வசதி படைத்தோர் முந்தி உண்டு குடித்தனர். இல்லாதவர் பசியோடு நின்று நாணினர். அது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று புனித பவுல் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் பந்தியைக் கொளுத்தச் சொல்லவில்லை. ஒருவர்க்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். எவ்வளவு சிறிய மருந்து! ஆனால் காத்திருக்க வேண்டுமானால், இன்னும் உண்ணாதவர் யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டுமே.

திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் குருவுக்குத் தனி மேசை. முதல் பரிமாறலும் அவருக்கே. 11 முறை உண்டு மறந்த அந்த மனிதர் என்னைத் தொல்லைப்படுத்தினார். பங்கு இல்லத்தில் எட்டு ஆண்டுகளாகச் சமைக்கும் அம்மாவை, உப்புக் குறைந்தபோது மட்டுமே நான் அழைத்துப் பேசியிருக்கிறேன். ஒருநாள் கேட்டேன்: "நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள், அம்மா?"

"நீங்க சாப்பிட்டு எழுந்த பிறகுதான், சாமி."

வந்தவரோடு பேசியபடி பிற்பகல் மூன்று மணிவரை மேசையில் அமர்ந்திருந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. என்னோடு அமர்ந்து உண்ண அழைத்தேன், அவர் இசையவில்லை. இப்போது நேரத்துக்கு உண்டு எழுந்துவிடுகிறேன். இதுவரை என்னால் இயன்றது அவ்வளவே. அது போதாது என்பதையும் அறிவேன்.